அண்ணனுக்கு மட்டும்

1

போன மாதம் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு ஒரு புதுப் படிவம் வந்தது. பாரிசிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடம் தள்ளி இருக்கிற சின்ன ஊர் இது. நர்சுகளுக்கு உதவியாளாக இங்கே பதினான்கு வருடம் ஓட்டியாகிவிட்டது. படுக்கை மாற்றுவது, நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோவது, இவைதான் என் வேலை. ஆனாலும் படிவம் என்று வந்துவிட்டால் அதுவும் என் தலையில்தான் விழும். இந்த நாட்டுக்காரர்களுக்குப் படிவத்தின் மீது அப்படி ஒரு பிரியம். பிறந்தால் ஒன்று, செத்தால் மூன்று.

இந்தப் படிவம் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு. வியாதி யாரைத் தேடிப் போகிறது என்று ஓர் இளம் டாக்டர் ஆராய்கிறாராம். என்ன தொழில், மாதம் என்ன வருமானம், எந்த வயதில் பள்ளிக்கூடத்தை விட்டீர்கள் என்று கேள்விகள்.

ஜன்னலோரப் படுக்கையில் ஒரு பெரியவர். போர்ச்சுக்கலிலிருந்து வந்து நாற்பது வருடம் கொத்தனார் வேலை பார்த்தவர். படிவத்தை நீட்டினேன். வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேம்மா, நீங்களே படிச்சிடுங்க" என்ற அர்த்தத்தில் பிரெஞ்சில் சொன்னார். கண்ணாடி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. நான் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தேன். பள்ளிக்கூடத்தை விட்ட வயதைக் கேட்டபோது "எட்டு" என்று சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

படிவத்தை முடித்துக் கொடுத்துவிட்டு, படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முத்தியால்பேட்டையில் இருக்கும் என் அண்ணன் இதே கண்ணாடிக் கதையை எனக்கும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் நம்பியிருக்கிறேன்.

இதை எழுதலாமா என்று அண்ணனைக் கேட்டேன். அவருடைய பக்கத்து வீட்டுக்கு இப்போது டெலிபோன் வந்திருக்கிறது. "தாராளமா எழுது பாப்பா. எப்படியும் நான் படிக்கப் போறதில்லயே" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

2

எங்கள் அப்பாவுக்கு மில்லில் தறி வேலை. நாங்கள் இரண்டே பிள்ளைகள். அண்ணனுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். அப்பாவுக்குப் பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கி இருமல் நிற்காமல் போனபோது, பதினோரு வயது அண்ணனை மில்லில் சேர்த்துவிட்டார்கள். அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சி. வேலை செய்கிறவரின் பிள்ளை என்றால் வயதை யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். அண்ணன் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போயிருந்தார். போனார் என்று சொல்வதைவிட, வருகைப் பதிவில் பெயர் இருந்தது என்று சொல்லலாம்.

நான் படித்ததற்குக் காரணம் வேறு. கன்னியாஸ்திரீகளை எங்கள் ஊரில் மாசேர் என்போம். அந்த மாசேர்கள் நடத்திய பள்ளியில் ஏழைப் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் இலவசம், மதியச் சாப்பாடும் இலவசம். வீட்டில் ஒரு வயிறு குறைந்தால் போதும் என்றுதான் அம்மா என்னை அங்கே விட்டாள். பெண்பிள்ளையை மில்லுக்கு அனுப்பினால் கூலி அரைதான். அதனால் எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை சம்பாதித்தான், பெண்பிள்ளை படித்தாள். மற்ற வீடுகளில் நடப்பதற்கு நேர் எதிராக நடந்துவிட்டது. என் படிப்பை யாரும் யோசித்துத் தந்ததில்லை. சோற்றோடு கூட வந்தது.

மில் சங்கு ஊதியதும் அண்ணன் கிளம்பிவிடுவார். போகும் வழியில் என்னைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போவார். என் பையைத் தூக்கிக்கொண்டு வருவது அவர்தான். மாசேர் வெளியே வந்தால் "போன்ழூர் மாசேர்" என்று உரக்க வணக்கம் சொல்வார். அந்த இரண்டு சொற்களைச் சொல்வதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். அந்த வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. இப்போது அந்தப் பையன் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, நாலு பேர் கேட்பார்கள். அண்ணன் அங்கே கேட்டுவிட்டு வந்து, வீட்டில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அரசியல் பேசுவார். பெயரைக் கையெழுத்தாகப் போடுவார். பஸ்ஸில் எழுதியிருப்பதைப் பார்த்து இது கடலூர் வண்டி, இது விழுப்புரம் வண்டி என்று சொல்வார். பஸ்ஸின் நிறத்தை வைத்துச் சொல்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? யூனியனில் ராத்திரிப் பள்ளி நடந்தபோது ஒரு வருடம் போனேன் என்றும் சொல்லியிருந்தார். போனது நிஜம்தான். எட்டு மணிநேரம் தறி முன்னால் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார் என்பதைச் சொல்லவில்லை.

3

1971இல் எனக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. அவருடைய அப்பா பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். நானும் பிரெஞ்சு படித்தவள் என்பதால் சம்பந்தம் கூடிவந்தது. அந்த வருடமே இங்கே வந்துவிட்டோம்.

எனக்கு வேலை கிடைத்ததும் அண்ணனுக்குப் பணம் அனுப்ப ஆரம்பித்தேன். என்னைத் தூக்கிச் சுமந்தவருக்கு நான் செய்யாமல் யார் செய்வது?

1975இல் முதல் தடவை ஊருக்குப் போனபோது வீடே மாறியிருந்தது. நாங்கள் வளர்ந்தது கேழ்வரகுக் களியிலும் கருவாட்டுக் குழம்பிலும். காப்பி என்றால் வெல்லக் காப்பி, அதுவும் விருந்தாளி வந்தால்தான். இப்போது மூன்று வேளையும் அரிசி. அடுப்பங்கரை மாடத்தில் பெரிய தகர டப்பா நிறைய வெள்ளைச் சர்க்கரை. அண்ணி எனக்குக் காப்பி கொடுத்தார். அதில் கரண்டியை நிறுத்தினால் விழாது, அத்தனை இனிப்பு.

"இன்னா பாப்பா அப்டி பாக்கற? கூழு குடிச்ச வாயி இது. இனிமே இந்த வூட்ல கேவுரு வாசனையே வரக்கூடாதுன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லிட்டேன்" என்றார் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். என் காசில் என் அண்ணன் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் காப்பி குடிக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அதே பயணத்தில் அவருக்கு ஒரு மொபெட்டும் வாங்கிக் கொடுத்தேன். அதுவரை மில்லுக்கு நடந்துபோனவர் அதன் பிறகு நடக்கவே இல்லை. மில்லிலும் மேஸ்திரி ஆகி, நிற்கிற வேலை போய் ஸ்டூலில் உட்காரும் வேலை வந்தது. லேசாகத் தொப்பை விழுந்தது. "இப்பத்தான் பாக்க ஆளு மாதிரி இருக்காரு" என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன்.

4

அடுத்து நான் போனது 1981இல். ஆள் பாதியாக இளைத்திருந்தார். சட்டை தோளிலிருந்து வழிந்தது. ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் செம்பை நீட்டினார். நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. லீவெல்லாம் புகுந்த வீட்டிலேயே கழிந்திருந்தது, பிரான்சுக்குத் திரும்ப மூன்றே நாள் இருந்தது. மறுநாள் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் நல்லவர். நிதானமாகத்தான் விளக்கினார். ஆனால் எல்லாவற்றையும் என்னிடம் விளக்கினார். நான் தலையாட்டுகிறேன், திருப்பிக் கேள்வி கேட்கிறேன், அதனால் அவர் முகம் என் பக்கமே இருந்தது. வியாதிக்காரர் கைகட்டி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய உடம்பைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். அப்போது எனக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் அண்ணன் கேட்டார்.

"சக்கரையா? எனக்கா?"

"ஆமாண்ணா."

"நல்லா கேட்டியா? அது நொத்தேருக்கும் ஜவுளிக்கட மொதலாளிக்கும் வர்ற வியாதியாச்சே."

நொத்தேர் என்றால் எங்கள் ஊரில் பத்திரம் பதிகிறவர், கடற்கரைப் பக்கம் பெரிய வீடும் காரும் உள்ளவர். அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பணக்கார வியாதி நம்ம தெருவுக்கே வந்துடுச்சு பாரு. தங்கச்சி பிரான்சுல இருந்தா சும்மாவா?"

பெருமைப்படுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அப்போது எங்கள் ஊரில் சர்க்கரை வியாதி என்றால் அப்படித்தான். தின்று, உட்கார்ந்து, கார் வைத்திருந்தவர்களுக்கு வந்தது. அவர்களுக்கு டாக்டரும் இருந்தார், படிக்கப் புத்தகமும் இருந்தது, கோதுமை ரொட்டி செய்து தர ஆளும் இருந்தது. இங்கே பிரான்சில் நான் தட்டு கொண்டுபோகும் படுக்கைகளில் பெரும்பாலும் கொத்தனாரும் துப்புரவு வேலை செய்யும் பெண்களும்தான். பணக்காரர்களும் படித்தவர்களும் காலையில் பூங்காவில் ஓடுகிறார்கள், காப்பியில் சர்க்கரையே போடுவதில்லை. அங்கே பணம் உள்ளவருக்கு, இங்கே இல்லாதவருக்கு. என் அண்ணன் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். சர்க்கரை வாங்கக் காசு வந்துவிட்டது. அதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ள வழி வரவில்லை. காசை அனுப்பியது நான்.

வீட்டுக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னதும் அண்ணி முதலில் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசுங்க. கலாவுக்கு வரன் பாக்கற நேரம். ரத்தத்துல வர்ற வியாதின்னு சொல்லுவாங்க. எவன் வந்து பொண்ணு கேப்பான்?"

கலா அவர்களுடைய ஒரே மகள். அப்போது பதினாறு முடிந்திருந்தது. அண்ணனின் சிரிப்பு அடங்கியது. "ஆமா பாப்பா. அவ கல்யாணம் முடியற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. அவளுக்கும் தெரியக்கூடாது, ஓட்டவாயி" என்றார்.

மிச்சம் இருந்த ஒன்றரை நாளும் வீடு நிறைய ஆட்கள். வழியனுப்ப வந்தவர்கள், பிரான்சில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஊறுகாய் கொடுத்தனுப்ப வந்தவர்கள். அண்ணனைத் தனியாகப் பிடிக்கவே முடியவில்லை. "இனிப்பு வேணாண்ணா, மாத்திரைய மறக்காத, மீதிய விவரமா எழுதறேன்" என்று காதோடு சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.

5

எழுதினேன். ஆறு பக்கம். இங்கே உணவு ஆலோசனை சொல்லும் அம்மாளிடமும் எங்கள் வார்டு டாக்டரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினேன். முதல் நாள் அந்த அம்மாளிடம், என் அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று நம் ஊரில் சொல்வதுபோலவே பிரெஞ்சில் சொல்லிவிட்டேன். "என் வீட்டிலும் இரண்டு டப்பா இருக்கிறதே" என்று சிரித்தாள். பத்து வருடம் இருந்தும் பிரெஞ்சு எனக்கு இப்படித்தான் காலை வாரும். பிறகு அவளே உட்கார வைத்து எல்லாம் சொல்லித் தந்தாள்.

அவள் சொன்னதை நம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாற்றி எழுதினேன். அரிசியைக் குறை, கேழ்வரகைத் திரும்பக் கொண்டுவா. காப்பிக்குச் சர்க்கரை வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்தாதே, நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். மொபெட்டை விட்டுவிட்டு மில்லுக்கு நட. தினமும் சாயங்காலம் பாதத்தைப் புரட்டிப் பார், கொப்புளமோ வெடிப்போ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. கோயிலானாலும் கடலானாலும் வெறுங்காலோடு நடக்காதே, சூடு உனக்கு உறைக்காமல் போய்விடும். இப்படி ஒவ்வொன்றும் ஏன் என்று காரணத்தோடு எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல கையெழுத்தில் நான் வேறெதுவும் எழுதியதில்லை.

எங்கள் வீட்டுக்குப் போகும் கடிதங்களைக் கலாதான் உரக்கப் படிப்பாள், எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் வருவார்கள். பிரான்சுக் கடிதம் என்றால் தெருவுக்கே பொது. அதனால் யோசித்து யோசித்து, ஆறு பக்கத்தையும் ஒரு சின்ன உறையில் வைத்து ஒட்டினேன். மேலே கொட்டை எழுத்தில் "அண்ணனுக்கு மட்டும்" என்று எழுதினேன். அதைப் பெரிய உறைக்குள் போட்டு அனுப்பினேன். கலாவின் கல்யாணமும் கெடாது, அண்ணனின் மானமும் போகாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

6

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அண்ணன் சொல்லச் சொல்லக் கலா எழுதுவது வழக்கம். "உன் கடிதம் கிடைத்தது. நீ எழுதியபடியே எல்லாம் நடந்துகொள்கிறேன். கவலைப்பட வேண்டாம்." அதற்கடுத்த கடிதத்திலும் அதுவே. அதற்கடுத்ததிலும். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் அண்ணன் சொன்ன சொல் தவறாதவர்.

இங்கே என் நாட்கள் ஒரே மாதிரி ஓடின. விடியுமுன்னே ரயில், எட்டு மணிநேரம் வார்டு, திரும்பும் வழியில் ரொட்டி. மகள் நதாலி பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். மாமாவுக்கு இரண்டு வரி எழுது என்று அ, ஆ சொல்லித் தந்தேன். ஆ வரைக்கும் வந்தாள். பிறகு நடன வகுப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் பனி பெய்கிறபோது, இந்நேரம் வைத்திக்குப்பம் கடற்கரையில் வலை காயும், அண்ணன் மீன் வாங்கப் பேரம் பேசிக்கொண்டிருப்பார் என்று நினைப்பேன். நினைத்ததும் எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்துவிடுவேன்.

1983இல் கலாவுக்குக் கடலூரில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதே வருடம் அண்ணனை இங்கே வரவழைத்து நல்லபடியாக ஒரு தடவை பரிசோதித்து அனுப்பலாம் என்று விசாவுக்கு முயன்றேன். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அண்ணனிடம் இருந்தது மில் கேட் பாஸ் ஒன்றுதான். அதையும் எப்படியோ சரிக்கட்டினேன். கடைசியில் கான்சுலேட் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் ஒரு தாளைப் பூர்த்தி செய்ய வேண்டும், அவ்வளவுதான். இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று கடிதம் வந்துகொண்டே இருந்தது. அவர் போகவே இல்லை. சோம்பேறித்தனம் என்று திட்டி எழுதினேன்.

7

மாசி மகத்தன்று சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் வைத்திக்குப்பம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு வரும். எங்கள் தெருச் சாமிக்குத் தோள் கொடுப்பது வருடா வருடம் அண்ணன்தான். செருப்பில்லாமல் தார் ரோட்டில் நடந்து, மணலில் இறங்க வேண்டும். 1984இல் உச்சி வெயில். சாமியை இறக்கி வைத்ததும் கூடத் தூக்கியவர்கள் சூடு தாங்காமல் நிழல் தேடி ஓடிப் போனார்களாம். அண்ணன் மட்டும் அசையாமல் நின்றிருக்கிறார்.

"அல்லாரும் குதிக்கிறானுங்க பாப்பா. எனக்குச் சுடவேயில்ல. சாமிதான் தாங்குதுன்னு நெனச்சேன்" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஊரும் அப்படித்தான் நினைத்தது. மேஸ்திரிக்குச் சாமி அருள் என்று காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். மாத்திரையை அவர் நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வலது பாதத்தில் பொங்கிய கொப்புளத்தை யாரும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. வாசனை வந்தபோதுதான் அண்ணி பார்த்தார்.

எனக்குத் தந்தி வந்து நான் போய்ச் சேர்வதற்குள் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்னைப் பார்த்ததும் போர்வையை இழுத்து மூடினார். "போன்ழூர் மாசேர்" என்றார். என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். நான் அவர் மார்பில் விழுந்து கதறினேன்.

8

அண்ணன் வீட்டுக்கு வந்த நான்காம் நாள். கலாவும் கடலூரிலிருந்து வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். பழைய மாத்திரைச் சீட்டு வேண்டும் என்று கேட்டேன். அண்ணி டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அண்ணனின் பட்டு வேட்டிக்கு அடியில், பிளாஸ்டிக் பைக்குள் என் கடிதம் இருந்தது.

உறை பிரிக்கப்பட்டிருந்தது. தாள்கள் மடித்த இடங்களில் நைந்து, கிழியும் பதத்தில் இருந்தன. நூறு தடவை எடுத்துப் பார்த்த கடிதம் போல இருந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தன வாட்டி படிச்சும் வெறுங்காலோட போனியே அண்ணா! உனக்கு அறிவில்லயா?"

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். கலாதான் என்னைப் பார்த்தாள்.

"அத்த, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது."

"இன்னாடி சொல்ற?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நீங்க அவருக்கு மட்டும்னு எழுதியிருந்தீங்க. நான் கொண்டாந்து கைல குடுத்தேன். படிக்கவாப்பான்னு கேட்டேன். வேணாம், எனக்குப் படிச்சுக்கத் தெரியும்னு சொன்னாரு. நானும் ஏதோ குடும்ப விஷயம், வேற யார்கிட்டயாச்சும் குடுத்துப் படிச்சுக்குவாருன்னு விட்டுட்டேன்."

அண்ணன்தான் மீதியைச் சொன்னார்.

"போஸ்டாபீஸ் வாசல்ல மணியார்டர் எழுதித் தருவானே, அவன்கிட்ட எடுத்துட்டுப் போனேன். எனக்கு முன்னால நம்ம தெரு ஆளு நின்னான். திரும்பி வந்துட்டேன். ரெண்டு மூணு வாட்டி போனேன் பாப்பா. ஒவ்வொரு வாட்டியும் யாராச்சும் தெரிஞ்சவன் நின்னான்."

"கலா கல்யாணம் முடிஞ்சப்புறமாச்சும் அவகிட்ட குடுத்திருக்கலாமே?"

"நீ எழுதினபடி நடக்கறேன்னு அவ கையாலயே எத்தன லெட்டர் எழுத வச்சேன். அப்புறம் எப்டி போய் இத படிச்சு சொல்லும்மான்னு கேக்கறது?"

"எனக்காவது சொல்லியிருக்கலாமே அண்ணா."

"நீ அவ்ளோ அழகா எழுதியிருந்த" என்றார். அவர் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

என் தெருவில், என் வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்த அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருடைய மகளுக்குத் தெரிந்திருந்தது, மனைவிக்குத் தெரிந்திருந்தது. பதினொரு வருடம் பள்ளிக்கூடம் போன எனக்குத் தெரியவில்லை. தூர தேசம் போனதால் மறந்துபோனது என்று சொல்லித் தப்பிக்கலாம். அது பாதி உண்மைதான். அங்கே இருந்தபோதும் நான் கவனிக்கவில்லை.

"சரி, இப்ப படி" என்றார் அண்ணன். "அப்டி என்னதான் எழுதியிருக்கன்னு கேக்கறேன்."

படித்தேன். கலா கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுத் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு கேட்டார். கேழ்வரகு வந்த இடத்தில் "பாருடா" என்றார். மாத்திரையைப் பற்றி வந்தபோது தலையாட்டினார். பாதம், கொப்புளம், வெறுங்கால், கடல், எல்லாம் வரிசையாக வந்தன. நான் நிறுத்தியபோதெல்லாம் "ம், மேல படி" என்றார். ஆறு பக்கமும் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

"இவ்ளோதானா பாப்பா?"

"இவ்ளோதாண்ணா."

"இதெல்லாம் செய்யக்கூடியதுதானே. ஒண்ணும் கஷ்டமில்லையே" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

9

நாலு வருடம் ஓடிவிட்டது. அண்ணன் கட்டைக்காலோடு நடக்கிறார், மாத்திரையை விடுவதில்லை, இடது காலுக்குக் கலா வாங்கித் தந்த செருப்பைப் படுக்கும்வரை கழற்றுவதில்லை. கலா மாதம் ஒரு தடவை கடலூரிலிருந்து வந்து, என் கடிதங்களை முன்போலவே உரக்கப் படிக்கிறாள். உறைக்குள் உறை வைப்பதை நான் விட்டுவிட்டேன். வேண்டுமானால் தெருவே கேட்கட்டும்.

இந்தக் குறிப்பு அச்சில் வந்தால் இதையும் அவள்தான் அவருக்குப் படித்துக் காட்டுவாள். அதனால் ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு நான் முழுக்கப் படிக்கவில்லை. ஆறாம் பக்கத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே, இரண்டு வரிகள் இருந்தன. "இதையெல்லாம் செய்தால் பெரும்பாலும் யாருக்கும் காலை எடுக்க வேண்டி வராது. பயப்படாதே அண்ணா." அந்த இடம் வந்ததும் தாளை மடித்துவிட்டேன். இவ்ளோதானா என்று கேட்டார், இவ்ளோதான் என்று சொன்னேன். அவர் நம்பினார். அவர் கண்ணுக்கு முன்னால்தான் தாள் இருந்தது. ஆனாலும் நான் மறைத்தது அவருக்குத் தெரியவில்லை. படித்தவள் படிக்காதவரிடம் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து எனக்கு அவர் முகத்தை நேராகப் பார்க்கக் கூசுகிறது.

கலா, அந்த இடம் வரும்போது உனக்கும் தாண்டிப் போய்விடலாம் என்று தோன்றும். தாண்டாதே, கண்ணு. அந்த இரண்டு வரியையும் உங்கப்பாவுக்குப் படி. அவருக்கு எழுதியதுதான் அது.